சேகரனுக்குத் தலைசுற்றிய நாள்

போன மாதம், கயாக் வழிகாட்டி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் நாலைந்து பேர் பினாங்கில், கெலுகோரில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து, எந்த இழுவைக் கயிறு நல்லது என்று கேட்டீர்கள். அறுபடாதது நல்லது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நீங்கள் சிரித்துக்கொண்டே போனீர்கள். எனக்குப் பிறகுதான் உறுத்தியது. தோள்பட்டை போய், துடுப்பைக் கீழே வைத்துவிட்டு, மத்தியானத்தில் சீரியல் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பொம்பளையிடம் மெனக்கெட்டு வந்து கேட்கிறார்கள், அவர்களுக்கு இப்படியா துடுக்காகப் பதில் சொல்வது என்று என்னையே திட்டிக்கொண்டேன். அதனால் இப்போது ஒழுங்காக உட்கார்ந்து எழுதுகிறேன். ஆனால் கயிற்றைப் பற்றி இல்லை. கயிற்றை ஏற்க மறுத்த ஒரு மனிதரைப் பற்றியும், அவரை ஏற்கவைத்த இன்னொரு மனிதரைப் பற்றியும் எழுதப்போகிறேன்.

பெயர்களை மாற்றியிருக்கிறேன். சேகரன் என்று நான் இங்கே சொல்கிறவரிடம் முன்கூட்டியே கேட்டேன். எழுதுவதானால் எழுதுங்கள், ஆனால் என் பெயரும் வேண்டாம், அவர் பெயரும் வேண்டாம் என்றார். அவர் அப்படித்தான் சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

பெருநிலத்தில் புக்கிட் தெங்காவில் உள்ள ஒரு தொழிற்சாலையிலிருந்து வந்த கூட்டம் அது. வருஷத்துக்கு ஒரு முறை ஆட்களை எங்காவது வெளியே கூட்டிப்போவது அங்கே வழக்கம். அந்த வருஷம் ஜெரெஜாக் தீவைக் கயாக் படகில் சுற்றிவர வேண்டும் என்று யாருக்கோ ஆசை வந்துவிட்டது. காலையில் கிளம்பி, தெற்கு முனையைத் தாண்டி, பெருநிலத்தைப் பார்த்த கிழக்குக் கரையில் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, பிறகு வடக்கு முனையைச் சுற்றி, பொழுது சாய்வதற்குள் வீடு. உங்களுக்குத் தெரிந்த பாதைதான். வழிகாட்டிகள் இரண்டு பேர், முன்னால் நான், கடைசியில் யூசோஃப். ஒரு நாள் முழுக்க நாலு வார்த்தை பேசாமல் ஓட்டிவிடக்கூடிய மனிதர் யூசோஃப். ஆனால் அவர் பின்னால் வருகிறார் என்றால் நான் நிம்மதியாக முன்னால் பார்த்துப் போவேன்.

கரையில் ஆட்களைக் கயாக்குகளுக்குப் பிரிக்கும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது. சேகரன்தான் அவர்களுடைய சூப்பர்வைசர். நாற்பதைத் தாண்டியவர், ஆள் வாட்டசாட்டம், இயந்திரச் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை. இரட்டைக் கயாக்கில் அவர் பின்னால் உட்கார்ந்தால், முன்னால் இருக்கிறவன் நாள் முழுக்கத் தன் வேலையைப் பாஸ் பார்த்துக்கொண்டே வருகிறார் என்று நெளிய வேண்டும். அவர் முன்னால் உட்கார்ந்தாலும் வம்பு, தாளம் தப்பினால் துடுப்பு அவர் முதுகில் இடிக்கும். ஆளாளுக்கு ஒரு ஜோடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல நகர்ந்துவிட்டார்கள். சேகரனுக்கு ஒற்றைக் கயாக்தான் மிஞ்சியது. அவருக்கும் விஷயம் புரிந்தது. போய் அதில் உட்கார்ந்துகொண்டார்.

இன்னொரு ஒற்றைக் கயாக்கை அந்தோணி என்பவர் கேட்டு வாங்கினார். அவர் ஸ்டோரில் வேலை பார்ப்பவர், ஓய்வு பெற அதிக காலம் இல்லை. ஒல்லியான உடம்பு. லைஃப் ஜாக்கெட்டுக்கு உள்ளேயும் சட்டையின் மேல் பட்டன் வரை போட்டிருந்தார். அந்தத் தொழிற்சாலையில் மேனேஜருக்கு அடுத்தபடி எல்லாருக்கும் மரியாதை அவர் மேல்தான். சேகரனே அவரை அண்ணே என்றுதான் கூப்பிட்டார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தனக்கு எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்தவர் என்று சொன்னார்.

கயாக்கைத் தண்ணீருக்குள் தள்ளுவதற்கு முன் சேகரன் என்னைத் தனியாக அழைத்தார். அந்தோணிக்கு மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் முறிந்து, பல மாதம் வீட்டில் கிடந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறாராம். கால் நன்றாகக் கூடிவிட்டது, டாக்டரும் சரி என்றுவிட்டார், நீச்சலும் தெரியும். ஆனால் ஸ்டோரில் இளவட்டங்கள் அவரை ஒரு பெட்டியைத் தொட விடுவதில்லை. அவர் எழுந்தாலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கண்ணே என்கிறார்கள். எல்லாம் அன்பினால்தான். ஆனால் அந்த அன்பில் மனிதர் சுருங்கிக்கொண்டே போகிறார் என்று சேகரன் கவலைப்பட்டார். தன்னால் முடியும் என்று எல்லாருக்கும் காட்டத்தான் இன்று வந்திருக்கிறார், ஒற்றைக் கயாக்கையே கொடுத்துவிடுங்கள், ஆனால் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

கொடுத்தேன். இன்று அந்த நிலைமை வந்தாலும் கொடுப்பேன். அந்தோணி துடுப்பு போடுவதில் கெட்டிக்காரர், காலையில் நல்ல தாளத்தோடுதான் வந்தார்.

கிளம்புவதற்கு முன் வழக்கமான பாடங்களைக் காட்டினேன். அதில் ஒன்று, முடியாமல் போனவரை எப்படி இழுத்துவருவது என்பது. அவரைத் தனியாக இழுத்தால் கயாக் ஆடிக் கவிழும். அதனால் இன்னொருவர் பக்கத்தில் ஒட்டி நின்று, முடியாதவருடைய கயாக்கின் மேல் உடம்பைச் சாய்த்து இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டு கயாக்கும் ஒன்றாகிவிடும், ஆடாது, மூன்றாவது ஆள் இரண்டையும் சேர்த்து இழுத்துப்போகலாம். யூசோஃப் என் கயாக் மேல் சாய்ந்து காட்டினார். தேனிலவுக்கு வந்த மாதிரி இருக்கு என்று தேவி என்ற பெண் சொன்னாள், எல்லாரும் சிரித்தார்கள். தரச் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறவள், அன்று காலை முழுக்க அவள் வாய்தான் கூட்டத்தைக் கலகலப்பாக வைத்திருந்தது.

தெற்கு முனை வரை குறை சொல்ல ஒன்றும் இல்லை. கிழக்குக் கரையில் ஒரு சின்ன மணல் திட்டில் இறங்கி, கட்டிக்கொண்டு வந்த நாசி லெமாக் சோற்றைச் சாப்பிட்டோம். சாப்பாட்டுக்குப் பிறகு வடக்கு நோக்கிக் கிளம்பினோம். நான் அவ்வப்போது திரும்பிப் பார்த்தேன். கூட்டம் சிதறாமல், ஒருவரை ஒருவர் முந்தாமல், அடக்க ஒடுக்கமாக வந்துகொண்டிருந்தது. பரவாயில்லையே, சொன்ன பேச்சைக் கேட்கிற ஆட்கள் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். வேகம் குறைகிறது என்பது தெரிந்தது. சாப்பிட்ட மந்தம் என்று விட்டுவிட்டேன்.

நம் ஆட்களைக் கடலுக்குக் கூட்டிப்போகிறவர்கள் இதைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரச் சுற்றுலாக் கூட்டத்தில் ஒருவர் களைத்தால் மற்றவர்கள் அவரைத் தாண்டிப் போய்விடுவார்கள். இடைவெளி விழும், நமக்குத் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். நம் கூட்டத்தில் பெரியவர் ஒருவர் களைத்தால் யாரும் அவரைத் தாண்ட மாட்டார்கள். எல்லாருமாகச் சேர்ந்து மெதுவாவார்கள். பார்ப்பதற்கு ஒழுங்கான அணிவகுப்பு மாதிரி இருக்கும். அன்று அந்த இளவட்டங்கள் எல்லாம் துடுப்பைத் தண்ணீரில் தொட்டும் தொடாமலும் அந்தோணியின் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தார்கள். அண்ணே, முடியலையா என்று கேட்கவும் ஒருவருக்கும் வாய் வரவில்லை. கேட்டால் அவர் மனசு கஷ்டப்படும். அவர்களிடம் குற்றம் இல்லை. அப்படி வளர்ந்தவர்கள்.

தேவியின் சத்தம் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு முதலில் உறைத்தது. திரும்பி அவர்களிடம் போனேன். அந்தோணியின் உதடு வெளுத்திருந்தது. துடுப்பைப் பிடித்த விரல்கள் நடுங்கின. இடது தொடையை ஒரு கையால் அழுத்திக்கொண்டிருந்தார், தசை இறுகிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அவர் தண்ணீர் பாட்டில் கால்களுக்கு நடுவே மூடி திறக்காமல் இருந்தது. காலையிலிருந்து ஒரு மிடறு குடிக்கவில்லை. குடித்தால் ஒன்றுக்குப் போக வேண்டும், பெண்கள் வந்திருக்கிற கூட்டத்தில் படகை நிறுத்துங்கள் என்று கேட்க வேண்டும், அது அவரால் முடியாத காரியம். இதையெல்லாம் அவர் சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் இப்படிப் பல பேரைப் பார்த்துவிட்டேன்.

என்னண்ணே என்றேன். ஒன்றும் இல்லை தங்கச்சி, போகலாம் என்றார்.

போகலாம்தான், ஆனால் எங்கே? கிழக்குக் கரையில் இருக்கும்போது மேற்கே வானம் என்ன செய்கிறது என்று தெரியாது. ஜெரெஜாக்கின் மேடும் அதற்குப் பின்னால் பினாங்கு மலைகளும் மறைத்துக்கொள்ளும். அவர்களை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு, வேகமாக வடக்கு முனை வரை போய் எட்டிப் பார்த்தேன். மலைக்கு மேல் வானம் கறுத்துக் கட்டியிருந்தது. பினாங்குப் பாலத்தின் மேற்குப் பாதி மழையில் மங்கிவிட்டது. அந்தக் காற்று வந்தால், முனையைத் தாண்டி நிற்கிற எல்லாரையும் கிழக்கே, கப்பல் போகிற பாதைக்குத் தள்ளிக்கொண்டு போய்விடும். ஒரே வழி, திரும்பிச் சாப்பிட்ட இடத்துக்கே போய்விடுவது. அங்கே தீவு நமக்குச் சுவராக நிற்கும். தூரம் அதிகமில்லை. மற்றவர்கள் வேகமாகத் துடுப்பு போட்டால் காற்றுக்கு முன் போய்ச் சேர்ந்துவிடலாம். அந்தோணியின் வேகத்தில் முடியாது. அவரைத் தாண்டிப் போகச் சொன்னாலும் அவர்கள் போக மாட்டார்கள்.

யூசோஃப் ஒன்றும் கேட்காமலே கயிற்றை எடுத்துக்கொண்டு அந்தோணியிடம் போனார். அந்தோணி துடுப்பால் அதைத் தள்ளிவிட்டார். தள்ளிய வேகத்தில் கயாக் ஒரு பக்கம் சாய்ந்து, கவிழாமல் நிமிர்ந்தது. நானே போறேன், என்னை விடுங்க என்றார். குரலில் கோபம் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சுற்றி இருந்தவர்கள் அத்தனை பேரும் கயாக்கைத் திருப்பிக்கொண்டு பெருநிலத்தைப் பார்த்தபடி நின்றார்கள். அவருடைய அவமானத்தைத் தாங்கள் பார்க்கக்கூடாது என்று.

உங்களுக்குக் கற்றுத்தருகிற புத்தகத்தில் இந்த இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். வழிகாட்டி சொன்னால் சொன்னதுதான், வாடிக்கையாளர் மறுத்தாலும் கயிற்றை மாட்டு. சரிதான். நானும் அதைச் செய்யத்தான் வாயைத் திறந்தேன், எனக்குக் குரல் உயர்ந்தால் எப்படி உயரும் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் கட்டாயமாக இழுக்கப்படுகிற மனிதர் கயாக்கில் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார். திமிறுவார், கவிழ்வார். கால் தசை பிடித்தவரைக் காற்றில் தண்ணீரிலிருந்து ஏற்றுவது என்னவென்று எனக்குத் தெரியும். அப்படியே அவர் பேசாமல் இழுபட்டு வந்தாலும், திங்கட்கிழமை அந்த ஸ்டோருக்குள் அவர் எந்த முகத்தோடு நுழைவார்? நாற்காலி நிரந்தரமாகிவிடும். அந்த மனிதரின் உயிர் ஒரு பக்கம், மானம் ஒரு பக்கம். உயிரைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், வேறு வழியில்லை என்று முடிவுக்கு வந்துவிட்டேன்.

அப்போது பின்னாலிருந்து சேகரனின் குரல் கேட்டது.

"அக்கா, எனக்கு என்னமோ பண்ணுது. தலை சுத்துது லா."

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. இருக்கிற தலைவலி போதாதென்று இவர் வேறா என்று அவரிடம் திரும்பினேன். துடுப்பை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அந்தப் பெரிய உடம்பைக் குறுக்கி உட்கார்ந்திருந்தார். கிட்டே போய்ப் பார்த்தேன். முகத்தில் நல்ல ரத்த ஓட்டம். கையில் ஒரு நடுக்கம் இல்லை. மூச்சு சீராக வருகிறது. அவர் என்னைப் பார்த்தார், அந்தோணியைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். அப்புறம் தொழிற்சாலையில் கத்துகிற அதே தொண்டையில், ஆனால் சோர்ந்த குரலாக மாற்றிக்கொண்டு சொன்னார்:

"அண்ணே, நீங்க வந்து என்னைக் கொஞ்சம் புடிச்சிக்குங்கண்ணே. காலையில அக்கா காட்டுனாங்கல்ல, அந்த மாதிரி. வேற யாரும் வேணாம், கவுத்துடுவானுங்க."

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. அந்தோணி ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு துடுப்பை எடுத்தார். அன்று மத்தியானம் முழுக்க அவர் போட்டதிலேயே வலுவான துடுப்பு அதுதான். சேகரனுடைய கயாக்கின் பக்கத்தில் வந்து ஒட்டினார், குறுக்கே சாய்ந்தார், இரண்டு கைகளாலும் சேகரனின் கயாக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சாய்ந்தவுடன் அவருடைய கால் நீண்டு தளர்ந்தது. கை துடுப்பை விட்டுவிட்டது. பிடித்துக்கொள்கிறவருக்கும் அது ஓய்வுதான், யோசித்துப் பாருங்கள். காலையில் நான் அதைக் காட்டும்போது எனக்கே அப்படித் தோன்றியதில்லை.

சேகரன் இன்னும் முடிக்கவில்லை. மற்றவர்களைப் பார்த்து, அண்ணே என்கூட இருக்காரு, நீங்கள்லாம் முன்னால போங்க, மழை வருது என்றார். அவ்வளவுதான். அந்தோணியைத் தாண்டிப் போகச் சொல்லவில்லை, ஒரு நோயாளியை அந்தோணியின் பொறுப்பில் விட்டுவிட்டுப் போகச் சொன்னார். அத்தனை கயாக்கும் விட்டால் போதும் என்று கரையை ஒட்டிப் பறந்தன. அந்தோணியின் உயிர், அவர் மானம், நகராமல் நிற்கிற கூட்டம் என்று எனக்கு இருந்த மூன்று சிக்கலும் அந்த ஒரு தலைசுற்றலில் தீர்ந்துபோயின.

நான் கயிற்றை மாட்டினேன். சேகரனுடைய கயாக்கில்தான் மாட்டினேன், அந்தோணி பார்க்கும்படி. யூசோஃப் எனக்கு முன்னால் போய், தன் கயிற்றை என் கயாக்கில் மாட்டிக்கொண்டார். இருவருமாக இழுத்தோம். பின்னால் நடந்த பேச்சு முழுக்க என் காதில் விழுந்தது. கண்ணை மூடாதே, என்னைப் பார், மூச்சை மெதுவாக விடு என்று அந்தோணி விடாமல் சொல்லிக்கொண்டு வந்தார். தண்ணீர் குடி என்று அதட்டினார். நீங்கள் குடித்தால்தான் நான் குடிப்பேன் என்று சேகரன் சின்னப் பிள்ளை மாதிரி அடம்பிடித்தார். அந்தோணி அலுத்துக்கொண்டே ஒரு மிடறு குடித்தார், பாட்டிலை அவரிடம் கொடுத்தார், திரும்ப வாங்கிக் குடித்தார். மணலைத் தொடுவதற்குள் பாட்டில் காலியாகிவிட்டது. அதில் பெரும்பகுதி யாருக்குப் போனது என்று நான் திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவேன்.

நாங்கள் கரையேறி கயாக்குகளை மேலே இழுக்கும்போது காற்று தீவைத் தாண்டி வந்து தலைக்கு மேல் இரைந்தது. முனைக்கு வெளியே தண்ணீர் வெள்ளை வெள்ளையாகப் புரண்டது. எல்லாரும் மரங்களுக்குக் கீழே ஒண்டிக்கொண்டு அதைப் பார்த்தோம். அந்தோணி மட்டும் சேகரனின் முதுகைத் தடவிக்கொண்டு, யார் பையிலோ இருந்த ரொட்டியைப் பிய்த்து அவருக்கு ஒரு வாய், தனக்கு ஒரு வாய் என்று தின்றுகொண்டிருந்தார். அவர் உதட்டில் நிறம் திரும்பியிருந்தது.

மழை விட்டதும் கடல் ஒன்றும் நடக்காத மாதிரி படுத்துக்கொண்டது. திரும்பும்போது சேகரன் தனியாக வரப் பயமாக இருக்கிறது என்றார். இரண்டு பையன்கள் தங்கள் இரட்டைக் கயாக்கை விட்டுக்கொடுத்தார்கள். நீங்கள் முன்னால் உட்காருங்கண்ணே, உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தால் எனக்குத் தலை சுற்றாது என்று சொல்லி அந்தோணியை முன்னால் ஏற்றிவிட்டுத் தான் பின்னால் ஏறினார். முன்னால் இருக்கிறவருக்குப் பின்னால் இருக்கிறவர் எவ்வளவு பலமாகத் துடுப்பு போடுகிறார் என்பது தெரியாது. ஜெரெஜாக்கிலிருந்து கரை வரை சேகரன் இரண்டு ஆள் வேலையைச் செய்தார். அந்தோணி அவ்வப்போது தலையைத் திருப்பாமலே, என்னப்பா, பரவாயில்லையா என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

கரை வந்ததும் தேவிக்கு வாய் திரும்பிவிட்டது. தலைசுற்றலுக்கு மலாயில் பெனிங் என்பார்கள், உங்களுக்கே தெரியும். அவள் சேகரனுக்கு அங்கேயே பெனிங் பாஸ் என்று பெயர் வைத்துவிட்டாள். பயலுகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரை நிமிர்ந்து பார்க்கவே பயந்த பயலுகள்தான். சேகரன் அசட்டுச் சிரிப்பு ஒன்றை வைத்துக்கொண்டு லைஃப் ஜாக்கெட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. நாள் முடிவில் எல்லாரையும் வட்டமாக நிறுத்தி நாலு வார்த்தை பேசுவேன், அப்போது நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"அக்கா, எனக்குத் தலை சுத்துச்சு. அவ்ளோதான் நடந்துச்சு. நீங்க வேற ஒன்னும் பாக்கல."

சரி என்றேன். வட்டத்தில் நின்று, அந்தோணி அண்ணன் இன்று ஒருவரை நடுக்கடலில் பிடித்துக் காப்பாற்றினார் என்று மட்டும் சொன்னேன். எல்லாரும் கைதட்டினார்கள். அந்தோணி தலையைக் குனிந்துகொண்டு சட்டைப் பட்டனைச் சரிபார்த்தார். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு நான் களைத்துப்போன ஒருவரைப் பார்த்து, இழுக்கட்டுமா என்று கேட்டதே இல்லை. இவருக்கு முடியவில்லை, கொஞ்சம் பிடித்துக்கொள்ள முடியுமா என்று கேட்பேன். அவர் பிடித்துக்கொள்ள நம்மில் யாராவது ஒருவர் தலைசுற்றலை ஏற்றுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். யூசோஃப் பல முறை ஏற்றுக்கொண்டிருக்கிறார். நானும்தான். நாலு பேர் முன்னால் முடியாதவளாக உட்கார்ந்திருப்பது லேசு இல்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வழிகாட்டிக்கே முடியவில்லையாம் என்று காதுபடப் பேசுவார்கள். எனக்கு அது அரை நாளோடு போய்விடும், அடுத்த நாள் வேறு கூட்டம். சேகரனுக்கு அப்படியில்லை. அவர் திங்கட்கிழமை அதே ஆட்களிடம் போய் வேலை வாங்க வேண்டும்.

அவர் கொடுத்த விலை எனக்கு அடுத்த வருஷம்தான் முழுசாகத் தெரிந்தது. அதே தொழிற்சாலை மறுபடி வந்தது. சேகரனும் வந்திருந்தார், ஆனால் கயாக்கில் ஏறவில்லை. தலைசுற்றல்காரர் கடலுக்குப் போக வேண்டாம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்களாம். நல்ல மனசோடு சொன்னதுதான். கரையில் எல்லாருடைய துண்டையும் பையையும் காவல் காத்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். பெனிங் பாஸ் என்பது அதற்குள் தொழிற்சாலை முழுக்கப் பரவிப்போயிருந்தது, கிளீனர் வரைக்கும். ஸ்டோரில் அந்தோணி எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். அதுவரை சாதாரணமாக இருந்த முகம் மலர்ந்துவிட்டது. இப்போது யாரும் அவருக்கு நாற்காலி போடுவதில்லை, கனமான சரக்கு வந்தால் பையன்கள் அவரைத்தான் தேடிக்கொண்டு போகிறார்கள், அவரும் அவர்களை நன்றாகத் திட்டுகிறார் என்று சொல்லிச் சிரித்தார். அந்தோணியும் அன்று வந்திருந்தார். அதோ இரட்டைக் கயாக்கில், பின்னால். எனக்கு அந்தக் கணத்தில் சேகரனைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. நான் யாரையும் அவ்வளவு லேசில் மெச்சுகிறவள் இல்லை, உங்களுக்கே தெரியும்.

அந்தோணி ஓய்வு பெற்றுச் சில வருஷங்கள் நன்றாக இருந்தார். பிறகு வீட்டில் தூங்கும்போதே போய்விட்டார். சேகரன்தான் எனக்கு போன் பண்ணிச் சொன்னார். புக்கிட் மெர்த்தாஜாம் பக்கத்தில் அவர்களுடைய மாதா கோயிலில் பூசை. நான் பின்வரிசையில் உட்கார்ந்தேன். சேகரன் எனக்கு இரண்டு வரிசை முன்னால், தொழிற்சாலை ஆட்களோடு இருந்தார். தேவியும் இருந்தாள், மடியில் குழந்தையோடு.

பூசை முடிந்து அந்தோணியின் மகள் பேச எழுந்தாள். அப்பாவுக்குக் கால் முறிந்தபோது வீட்டில் எப்படி இருந்தார், யாரிடமும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தார் என்று சொன்னாள். வேலைக்குத் திரும்பிய பிறகும் அப்படித்தான் இருந்தார், பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போய்விட்டு வேறு ஆளாக வீட்டுக்கு வந்தார் என்றாள். அன்று ராத்திரி அம்மாவிடமும் தன்னிடமும் அந்தக் கதையைச் சொன்னாராம். அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் எல்லாருக்கும் சொன்னாராம். அப்பா அதிகம் படிக்கவில்லை, பெரிய வேலையிலும் இல்லை, ஆனால் ஒரு மனுஷனுடைய உயிரைக் காப்பாற்றினார், அது எங்களுக்குப் பெருமை என்று சொன்னாள். அந்த மனுஷர் யார் என்று எனக்குத் தெரியாது, இங்கே வந்திருக்கிறாரா என்றும் தெரியாது என்றாள்.

தொழிற்சாலை ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சேகரன் எழுந்து நின்றார். அந்தப் பெரிய உடம்போடு, இரண்டு கையையும் முன்னால் கட்டிக்கொண்டு, அத்தனை சனத்துக்கு நடுவில் நின்றார்.

"நான்தான்மா" என்றார். "ரொம்ப நேரம் என்னை விடாம புடிச்சிருந்தாரு, உங்கப்பா."

அவள் அங்கிருந்து இறங்கி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவரும் அழுதார்.